2015 உடன்பாட்டை மறந்துவிடக் கூடாது

ஈரானுடன் பேசி ஒருபோதும் பயன் கிடைத்ததில்லை என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 2015 ஜூலையில் அமெரிக்கா உள்ளிட்ட வல்லரசுகளுடன் வியன்னாவில் எட்டப்பட்ட அணுசக்தி உடன்பாட்டின்படி ஈரான் யுரேனியச் செறிவூட்டலை (யுரேனியத்தின் வீரியத்தைக் கூட்டுவதை) 3.67 சதவீதத்துக்குள்ளும் செறிவூட்டிய யுரேனியத்தின் இருப்பை 300 கிலோவுக்குள்ளும் வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டது மட்டுமல்லாமல், அணுகுண்டுக்கான புளூட்டோனியத்தைத் தரக்கூடிய அராக் கனநீர் அணு உலையின் மையப்பகுதியையே அகற்றி அதில் கான்கிரீட்டை நிரப்பியது. வரம்புகள் கடைப்பிடிக்கப்படுவதைச் சர்வதேச அணுசக்தி முகமையும் அறிக்கைதோறும் உறுதிப்படுத்தி வந்தது. 2018 மே மாதத்தில் உடன்பாட்டிலிருந்து வெளியேறியது அதிபர் டிரம்ப்பின் அமெரிக்காதான். அணுகுண்டுக்குரிய அளவை நெருங்கும் 60 சதவீதச் செறிவூட்டலை ஈரான் தொடங்கியது அதற்குப் பிறகு, 2021 ஏப்ரலில். அன்றைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் கெரியும் ஈரான் வெளியுறவு அமைச்சர் ஜவாத் ஸரீஃபும் மாதக்கணக்கில் அமர்ந்து பேசிப் பெற்றதை ஒரே கையெழுத்து கலைத்துவிட்டது எனக்கு இன்றும் வேதனை தருகிறது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டின் ஒப்புதல் பெற்ற உடன்படிக்கையாக அது அமையாததால்தான் அடுத்த அதிபரால் அவ்வளவு எளிதாகக் கைவிட முடிந்தது. இந்தக் குறையைக் கட்டுரை தொடவே இல்லை.