பக்கத்தில் உட்காரவும் படிக்க வேண்டும்

எனக்கு ஊர் அரூர் பக்கம். கல்லூரியில் குற்றவியல் நடத்துகிறேன். "போலீஸ் வேலைக்குப் படிக்கிற பிள்ளைங்களுக்கா?" என்று சொந்தக்காரர்கள் இன்றும் கேட்கிறார்கள். என் பாடம் விக்டிமாலஜி, அதாவது குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிய படிப்பு.

என்னை இதற்குள் இழுத்தது எங்கள் பக்கத்து மலையடிவாரக் கிராமம் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வந்த அரசு ஊழியர்கள் ஊரையே சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2011இல். 269 பேர் மீது வழக்கு. அதற்குள் அவர்களில் 54 பேர் செத்தே போயிருந்தார்கள். உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்து, அந்தப் பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னபோது 2023 ஆகிவிட்டது. இடையில் எத்தனை வாய்தா, எத்தனை முறை அந்தப் பெண்கள் நடந்ததையே சொல்லியிருப்பார்கள்! மலைவாழ் மக்கள் சங்கத்துத் தோழர்கள் கூட நின்றார்கள். அதற்கென்றே படித்த ஒருவரை அரசு அனுப்பியிருக்க வேண்டாமா? இந்திய விக்டிமாலஜி சங்கம் சென்னையில் தொடங்கியதும் அதே 1992இல்தான். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

சரி, இப்போதைய கதைக்கு வருகிறேன். வழிப்பறியில் கை உடைந்த ஓர் அம்மாவுடன் என் மாணவி சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனாள். ஆள் பிடிபட்டால்தான் அரசு இழப்பீடு தரும் என்று யாரோ சொல்லி, அவர் விண்ணப்பமே போடாமல் இருந்திருக்கிறார். அது தவறு. குற்றவாளி யாரென்றே தெரியாவிட்டாலும் விண்ணப்பிக்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357ஏ, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 396ஆவது பிரிவு.

ஜவுளிக்கடைப் பைக்குள் எப்.ஐ.ஆர். நகல், மடித்த இடமெல்லாம் நைந்து கிடந்தது. "எத்தன வாட்டி சொல்றது கண்ணு" என்றாராம். மாணவி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். நகலைத் தானே படித்து எழுதிக்கொண்டு, அதில் இல்லாத இரண்டை மட்டும் கேட்டிருக்கிறாள்: எந்த ஆஸ்பத்திரி, எத்தனை நாள் கூலி போச்சு. இதைத்தான் நான் வகுப்பில் மூன்று வாரம் சொல்லித்தருகிறேன். பார்க்கச் சின்ன விஷயம். பழக்கம் இல்லாதவர்கள் முதல் கேள்வியிலேயே அழவைத்துவிடுவார்கள்.

நம் மாவட்டத்தில் சட்டம் படிக்கிறவர்களுக்கும் நர்சிங் படிக்கிறவர்களுக்கும் இது மதிப்பெண்ணோடு ஒரு பருவப் பாடமாக வேண்டும். ஒருநாள் கருத்தரங்கு போதாது. பிள்ளைகள் காவல் நிலையத்திலும் கோர்ட் வராந்தாவிலும் உட்கார்ந்து பழக வேண்டும்.

அந்த அம்மா விண்ணப்பித்து ஆறு வாரம் ஆகிறது. இரண்டு மாதத்தில் விசாரித்து முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். திங்கட்கிழமை மாணவி மறுபடியும் அவருடன் போகிறாள்.