ரேம் பெட்டியில வேகம் 6000னு போட்டிருந்தா 6000 ஓடியே ஆகணுமா?

வாரத்துக்கு மூணு புளூ ஸ்கிரீன். ஒரு தடவை மெமரி மேனேஜ்மென்ட்னு வருது, அடுத்த தடவை ஐஆர்க்யூஎல், அதுக்கடுத்து பேஜ் ஃபால்ட். யார்கிட்ட கேட்டாலும் ஒரே மந்திரம்: "விண்டோஸை ஃபார்மேட் பண்ணிப் பாருங்க." அதுல சரியாகலன்னா கிராஃபிக்ஸ் டிரைவர். அதுலயும் சரியாகலன்னா "எஸ்எம்பிஎஸ் போயிருக்கும் சார்". புது எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) வாங்கிப் போட்டும் புளூ ஸ்கிரீன் வரும். பயாஸுக்குள்ள (விண்டோஸுக்கு முன்னாடி வர்ற போர்டு செட்டிங்ஸ்) போய் ரேம் வேகத்தைக் குறைச்சுப் பாருங்கன்னு ஒருத்தராவது சொல்றாங்களா? அதுக்குக் காசும் வேண்டாம், ஸ்க்ரூ டிரைவரும் வேண்டாம். ரெண்டு நிமிஷ வேலை. அதான் யாருக்கும் தோண மாட்டேங்குது போல.

பெட்டியில போட்டிருக்கிற வேகத்துக்கு ரேமை ஏத்துற பயாஸ் செட்டிங்குக்கு இன்டெல்ல எக்ஸ்எம்பி, ஏஎம்டில எக்ஸ்போன்னு பேர். ரெண்டுமே ஓவர்கிளாக்தான், அதாவது அதிகாரபூர்வ வேகத்தைத் தாண்டி ஓட்டுறது. ஒரு பட்டனைத் தட்டினா ஆன் ஆகுதுங்கிறதால அது ஓவர்கிளாக் இல்லாம போயிடாது. ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமா சொல்ற வேகம் ரெண்டு ஸ்டிக்குக்கு 5200. ரைசன் 9000க்கு 5600. நாலு ஸ்டிக் சொருகினா ரெண்டுக்குமே 3600தான். ஆமா, 3600. பெட்டியில இருக்கிற 6000ங்கிற நம்பர் அந்த ஸ்டிக்ல இருக்கிற சிப்புகளுக்கான உத்தரவாதம். மெமரி கன்ட்ரோலர் இருக்கிறது ப்ரொசசருக்குள்ள. உங்க ப்ரொசசரையும் உங்க போர்டையும் அந்தக் கம்பெனி சோதிச்சதே கிடையாது. பெரும்பாலான ரைசன்ல ரெண்டு ஸ்டிக் 6000 ஓடிடும், உண்மைதான். ஓடாத ஒண்ணு உங்க கையில மாட்டினா அது டிஃபெக்டிவ் பீஸும் இல்ல.

இதுல 32 ஜிபி போதலன்னு அதே மாடல்ல இன்னொரு கிட் (ஜோடி ஸ்டிக்) வாங்கிச் சொருகச் சொல்ற மகான்களும் இருக்காங்க. பேர் ஒண்ணா இருந்தா உள்ள இருக்கிற சிப்பும் ஒண்ணா இருக்கும்னு யார் சொன்னது? அப்படியே இருந்தாலும், சேனலுக்கு (ப்ரொசசர்ல இருந்து ரேமுக்குப் போற பாதை) ரெண்டு ஸ்டிக்னா கன்ட்ரோலருக்குச் சுமை கூடும். 64 ஜிபி வேணும்னா முதல்லயே ரெண்டு 32 வாங்குங்க. ப்ரொசசர்ல இருந்து எண்ணி ரெண்டாவது, நாலாவது ஸ்லாட்ல போடுங்க, அதாவது ஏ2, பி2. போர்டு மேனுவல்ல படமே போட்டிருக்கும். அதையும் பிரிக்காம குப்பையில போட்டுடுறோம்.

ஃபார்மேட் பண்ணச் சொல்றவங்க மேலதான் ரொம்பக் கடுப்பு. ரேம் தடுமாறிக்கிட்டு இருக்கும்போது விண்டோஸ் இன்ஸ்டால் பண்றது ஓட்டைப் படியில நெல் அளக்கிற கதை. ஒவ்வொரு ஃபைலும் ரேம் வழியாத்தான் டிஸ்குக்குப் போகுது. வழியில ஒரு பிட் புரண்டா, புரண்டது புரண்டபடியே டிஸ்க்ல உட்காந்துக்கும். கிராஷ் ஆனாக்கூட அதிர்ஷ்டம்னு வச்சுக்கலாம், பிரச்சினை கண்ணுக்குத் தெரியுதே. கிராஷே ஆகாம, காப்பி பண்ணின கல்யாண ஃபோட்டோவுல பாதி சாம்பல் நிறமா நிக்கிறதுதான் கொடுமை. பெரிய 7-ஜிப் ஃபைலைப் பிரிக்கும்போது ஒரு தடவை சிஆர்சி எரர் (டேட்டா சரியா இருக்கான்னு பாக்கிற கணக்கு பொருந்தல) வந்து, அடுத்த தடவை வரலன்னா நேரா ரேமைச் சந்தேகப்படுங்க. "டிடிஆர்5ல ஈசிசி இருக்கே"ன்னு கேக்காதீங்க. ஈசிசின்னா பிழை திருத்தம், ஆனா அது சிப்புக்குள்ள நடக்கிற பிழையை மட்டும் திருத்தும். சிப்புக்கும் ப்ரொசசருக்கும் நடுவுல வர்ற பிழைக்கு அது காவல் இல்ல. ஓவர்கிளாக்ல பெரும்பாலும் உதைக்கிறது அந்த நடுவழிதான்.

அப்புறம் "மெம்டெஸ்ட்86 நாலு பாஸ் ஓடிச்சு, ஜீரோ எரர், ரேம் பக்கா". கெட்டுப்போன ஸ்டிக்கைக் கண்டுபிடிக்க அது நல்ல கருவி. பென் டிரைவ்ல பூட் பண்றதால விண்டோஸுக்கும் சேதம் வராது. அதனால முதல்ல அதை ஓட்டுங்க. ஆனா அது ஓடும்போது கிராஃபிக்ஸ் கார்டு தூங்குது, கேபினெட் ஜில்லுனு இருக்கு. 6000ல நிலையா நிக்குதான்னு பாக்க அது பத்தாது. விண்டோஸ்ல டெஸ்ட்மெம்5ங்கிற புரோகிராமை எடுத்து, கூட வர்ற சாதா கான்ஃபிக்கை (டெஸ்ட் செட்டிங் ஃபைல்) விட்டுட்டு அண்டா777 கான்ஃபிக் போட்டு ஓட்டுங்க. கன்ட்ரோலரை வாட்டி எடுக்க ஒய்-க்ரஞ்சர் புரோகிராம்ல விடி3 டெஸ்ட். காசு குடுக்கத் தயார்னா கார்ஹு ரேம் டெஸ்ட், ராத்திரி முழுக்க. ஒரே ஒரு எரர் வந்தாலும் ஃபெயில்தான். "எட்டு மணி நேரத்துல ஒண்ணுதானே"ங்கிற சமாதானமெல்லாம் செல்லாது.

வரிசையா பண்ணுங்கப்பா. எக்ஸ்போவை ஆஃப் பண்ணி, ரேமோட சாதா வேகமான 4800ல டெஸ்ட். அங்கயும் எரர் வந்தா ஒவ்வொரு ஸ்டிக்கா ஏ2ல தனியா போட்டு ஓட்டுங்க. ஒரு ஸ்டிக்ல மட்டும், திரும்பத் திரும்ப அதே அட்ரஸ்ல, அதே பிட்ல எரர்னா சிப் போச்சு, வாரண்டிக்கு அனுப்புங்க. ரெண்டு ஸ்டிக்லயும் இடம் மாறி மாறி எரர்னா ஸ்லாட், ப்ரொசசர் சாக்கெட் பின், கூலரைக் கோணலா முறுக்கியிருக்கிறது, இந்தப் பக்கம் பாருங்க. 4800ல சுத்தமா இருந்தா, அதே டைமிங்ல (ரேம் ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை கிளாக் காத்திருக்கணும்ங்கிற கணக்கு) 5600. அதுவும் ஓடினா 6000. ஒரு நேரத்துல ஒரே ஒரு மாற்றம். முக்கியமா, கர்வ் ஆப்டிமைசரை (ப்ரொசசர் கோர் வோல்டேஜைக் குறைக்கிற செட்டிங்) மைனஸ் 30ல வச்சுக்கிட்டு ரேமை டெஸ்ட் பண்ணாதீங்க. வர்ற எரர் கோரோடதா ரேமோடதான்னு பிரம்மாவுக்கும் தெரியாது. முதல்ல அதை ஜீரோ பண்ணுங்க.

இந்த இடத்துல "வோல்டேஜ் ஏத்து" கோஷ்டி வந்துடும். எஸ்ஓசி வோல்டேஜ் (மெமரி கன்ட்ரோலர் இருக்கிற பகுதிக்குப் போற வோல்டேஜ்) 6000க்குப் பல ப்ரொசசர்ல 1.20ல இருந்து 1.25 வோல்ட்டுக்குள்ள போதும். 2023ல ரைசன் 7000 எக்ஸ்3டி ப்ரொசசர்கள் சாக்கெட்லயே கருகின பிறகுதான் ஏஎம்டி 1.3 வோல்ட்ல பூட்டுப் போட்டுச்சு. அந்தப் பூட்டுக்கு முன்னாடி வந்த பயாஸை இன்னும் வச்சிருந்தா, டெஸ்டை அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல அப்டேட் பண்ணுங்க. ஏத்தினா சரியாகும்ங்கிறதும் எப்பவும் உண்மை இல்ல. சில சிப்ல எஸ்ஓசியைக் குறைச்சாத்தான் எரர் நிக்கும்.

அடுத்தவன் ஸ்கிரீன்ஷாட்டைப் பாத்து டைமிங்ஸ் காப்பி அடிக்கிறது இருக்கே, அது தனிப் பைத்தியம். டிரெஃபியை, அதாவது ரேமைப் புதுப்பிக்கிற இடைவெளியை, 65535னு போட்டுடுறாங்க. ரேம்ங்கிறது கசியுற குடம் மாதிரி. குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு தடவை சார்ஜை நிரப்பிக்கிட்டே இருக்கணும். டிடிஆர்5க்கு அந்த இடைவெளி 3.9 மைக்ரோ செகண்ட். 6000ல அது 11,700 கிளாக். 65535 போட்டா கிட்டத்தட்ட 22 மைக்ரோ செகண்ட், அஞ்சரை மடங்கு. சூடு ஏற ஏற கசிவும் ஏறும். ஸ்கிரீன்ஷாட் போட்டவன் ரேமுக்கு நேரா ஃபேன் வச்சிருப்பான், அது படத்துல தெரியாது. ராத்திரி ஏசி ரூம்ல பாஸான செட்டிங், சித்திரை வெயில்ல மத்தியானம் கேம் ஓடும்போது, கீழ இருந்து கிராஃபிக்ஸ் கார்டு அனல் ஊத்தும்போது கவுந்துடும். எச்டபிள்யூஇன்ஃபோங்கிற புரோகிராம்ல ரேம் டெம்பரேச்சரைப் பாருங்க. டைமிங்ஸை இறுக்கி வச்சிருக்கிற ஸ்டிக் 55 டிகிரியைத் தாண்டி எரர் குடுத்தா, டிரெஃபியைப் பாதியா குறைங்க, இல்ல ஒரு 120 மிமீ ஃபேனை நேரா திருப்புங்க. டெஸ்ட் ஓடும்போது கிராஃபிக்ஸ் கார்டுக்கும் சேர்த்து லோடு குடுங்க.

எல்லா டெஸ்டும் பாஸ், ஆனா ரீஸ்டார்ட் பண்ணின சில தடவை மட்டும் கிராஷ் ஆகுதுன்னா பயாஸ்ல மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோரைப் பாருங்க. பூட் சீக்கிரம் ஆகணும்னு பழைய டிரெயினிங் (பூட்ல போர்டு ரேமைச் சோதிச்சு செட் பண்றது) கணக்கையே வச்சு ஓட்டுற ஆப்ஷன் அது. ஆஃப் பண்ணினா பூட் ஆக ஒரு நிமிஷம் கூட எடுக்கலாம், எடுக்கட்டும். புது ஏஎம்5 (ரைசன் 7000, 9000 சாக்கெட்) போர்டு முதல் பூட்ல சில நிமிஷம் கறுப்பு ஸ்கிரீனா நிக்கிறதும் இதே டிரெயினிங்தான். பதறிப்போய் பவர் பட்டனை அமுக்கிட்டு "போர்டு டெட்"னு தூக்கிட்டு ஓடாதீங்க.

இன்டெல் 13, 14ஆம் தலைமுறை வச்சிருக்கிறவங்களுக்கு வேற கணக்கு. "வீடியோ மெமரி போதவில்லை"ன்னு கேம் விழுந்தா அது ரேமாவே இல்லாம இருக்கலாம், ப்ரொசசரே தேஞ்சு போயிருக்கலாம். 2024ல வந்த மைக்ரோகோடு (ப்ரொசசருக்குள்ள ஓடுற திருத்தம்) இருக்கிற பயாஸ் போட்டிருக்கான்னு பாருங்க. ஏற்கெனவே தேஞ்சதை அது திருப்பித் தராது. ரேம் 4800லயும் கேம் விழுந்தா ப்ரொசசர் வாரண்டியைத் தேடி எடுங்க.

கடைசியில நிலையா நின்னுடுச்சா? இப்ப விண்டோஸ் ஃபைல்களைச் சரிபார்க்கிற எஸ்எஃப்சி ஸ்கேன் ஓட்டுங்க. தேவைப்பட்டா இப்ப ஃபார்மேட் பண்ணுங்க, முன்னாடி இல்ல. செட்டிங்ஸை பேப்பர்ல எழுதி வைங்க, பயாஸ் அப்டேட் பண்ணினா எல்லாம் அழிஞ்சுடும். புது பயாஸ்ல டிரெயினிங் முறையும் மாறும், அதனால மறுபடி டெஸ்ட் ஓட்டணும். ஆமா, மறுபடியும் ராத்திரி முழுக்க.