ரயிலைப் பிடுங்கினால் இடம் மிச்சமாம்!

எந்தக் காணொளி என்று சொல்லவேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பாதிப் பேர் எனக்கு அதைத்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். தீம் பார்க் ரைடுகளைத் தரம் பிரித்துப் பட்டியல் போட்ட அந்தத் தம்பி, கடைசி வரிசையில், கழிப்பறைப் படத்துக்குப் பக்கத்தில், ரயில், டிராம், மோனோரயில் (ஒற்றைத் தண்டவாள ரயில்) எல்லாவற்றையும் மொத்தமாகத் தூக்கிப் போட்டிருக்கிறார். "இதெல்லாம் ரைடே இல்ல, தண்டவாளத்தப் பிடுங்கினா இன்னும் ரெண்டு ரோலர் கோஸ்டர் போடலாம்" என்று தீர்ப்பு வேறு. அதோடு விட்டிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன், ரசனை அவரவர் பாடு. ஆனால் நான் மரியாதையாகப் போட்ட கமெண்டுக்கு "கோஸ்டர் ஏற முடியாதவங்க வீட்லயே இருக்கலாமே ப்ரோ" என்று பதில் வந்தது. அதற்கு வரிசையாக ஹாஹா. ஹாஹா போட்டவர்களில் சிலர் என் நட்புப் பட்டியலில் இருப்பவர்கள். பார்த்தேன். பார்க்கவில்லை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

ரயில் என்பது பார்க்கில் இடம் மிச்சமிருந்ததால் கொண்டுவந்து போட்ட சாமான் இல்லை. ரயிலைச் சுற்றித்தான் பார்க்கே வந்தது. இதைத்தான் அந்தக் கமெண்டிலும் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன், இன்னும் நாலு தடவை சொல்வேன்.

தம்பி கும்பிடுகிற கோஸ்டரிலிருந்தே ஆரம்பிப்போம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் மௌக் சங்க் என்ற ஊரில் 1827இல் நிலக்கரி இறக்க ஒரு தண்டவாளம் போட்டார்கள். கரி ஏற்றிய வண்டிகள் சரிவில் தானாக இறங்கும், காலி வண்டிகளைக் கோவேறு கழுதைகள் மேலே இழுத்துப்போகும். அந்தக் கழுதைகளும் இறங்கும்போது வண்டியில் ஏறிக்கொண்டுதான் வரும் (கோஸ்டரின் முதல் ரசிகர்கள் அவைதான் என்று நான் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள்). பிறகு மனிதர்கள் வேடிக்கைக்காக ஏற ஆரம்பித்தார்கள். 1884இல் லமார்க்கஸ் தாம்சன் நியூயார்க்கின் கோனி தீவில் கட்டிய முதல் கோஸ்டருக்குப் பெயரே ஸ்விட்ச்பேக் ரயில்வே. வேகம் மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர். சைக்கிள்காரர் முந்திவிடுவார். கோஸ்டரே ரயிலின் பிள்ளை. பிள்ளை வளர்ந்துவிட்டது என்பதற்காகத் தாயை வீட்டை விட்டுத் துரத்தச் சொல்கிறார் தம்பி.

கலிஃபோர்னியாவின் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் பார்க்கில் 1952இலேயே நிஜ நீராவி ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. கொலராடோ மலைகளில் ஓடி ஓய்ந்த இன்ஜின்கள் அங்கே வந்து பிழைத்தன. டிஸ்னிலேண்ட் திறந்தது அதற்கு மூன்று வருடம் கழித்து, 1955 ஜூலை 17. திறந்த நாளிலேயே ரயில் ஓடியது. டென்னசியில் இருக்கும் டாலிவுட் பார்க்கின் கதை இன்னும் நேரடியானது. 1961இல் அந்த இடத்தில் முதலில் வந்தது ஒரு சுற்றுலா ரயில்தான். பார்க் அதைச் சுற்றி வளர்ந்தது, பெயர்கள் மாறி மாறி 1986இல்தான் டாலிவுட் ஆனது. அங்கே இன்றும் ஓடுகிற கரி இன்ஜின்கள் இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்யப்பட்டு அலாஸ்கா பக்கம் உழைத்தவை. அங்கே ரயிலைப் பிடுங்கினால் பார்க்கின் அஸ்திவாரத்தைப் பிடுங்கினதாக அர்த்தம்.

வால்ட் டிஸ்னி தன் வீட்டுத் தோட்டத்திலேயே ஆள் உட்கார்ந்து போகிற சின்ன நீராவி ரயில் விட்டவர். இன்ஜினுக்கு மனைவி பெயரை ஒட்டி லில்லி பெல் என்று பெயர். டிஸ்னிலேண்டைக் கட்டியபோது அதில் ஓடிய ரயிலைத் தன் குடும்பக் கம்பெனியின் சொத்தாகத் தனியே வைத்துக்கொண்டார், மோனோரயிலும் அப்படித்தான். 1980களின் தொடக்கம் வரை அவை அந்தக் குடும்பக் கம்பெனியிடம்தான் இருந்தன. பார்க்கையே கட்டினவர் தனக்கென்று பிடித்து வைத்துக்கொண்டது எதை என்று பாருங்கள். பிறகு கழிப்பறைப் படத்தை எங்கே ஒட்டுவது என்று யோசியுங்கள்.

"அது அந்தக் காலம், இப்போ இடம் வேணும்ல?" வாருங்கள். இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். டிஸ்னிலேண்டுக்கும் இடம் வேண்டியிருந்தது, ஒரு பெரிய புதுப் பகுதியே கட்டவேண்டியிருந்தது. 2016 ஜனவரியில் ரயிலை நிறுத்தினார்கள். பிடுங்கி எறியவில்லை. பாதையை வளைத்தார்கள். புதிதாகப் பாலம் கட்டி 2017 ஜூலையில் மறுபடி ஓடவிட்டார்கள். அத்தனை வருடமும் வலப்பக்கமாகவே வளைந்து சுற்றிய ரயில், முதல் தடவையாக இடப்பக்கம் திரும்பியது அப்போதுதான். ஃப்ளோரிடாவில் இருக்கும் டிஸ்னி பார்க்கில் இன்னும் விசேஷம். புது கோஸ்டர் ஒன்று கட்டுவதற்காக 2018 கடைசியில் ரயிலை நிறுத்தி, ரயில் போக ஒரு சுரங்கப் பாதையும் சேர்த்துக் கட்டி, 2022 டிசம்பரில் திரும்ப ஓட்டினார்கள். கோஸ்டருக்கும் இடம், ரயிலுக்கும் வழி. தண்டவாளத்தை எடுத்துவிட்டுப் போவது அவர்களுக்கு எவ்வளவு எளிது! காசு எண்ணத் தெரியாதவர்களா அவர்கள்?

இனி என் அக்காவைப் பற்றி. எழுதவேண்டாம் என்றுதான் இருந்தேன், அந்த "வீட்லயே இருக்கலாமே" எழுதவைத்துவிட்டது.

அக்காவுக்குக் காதுக்குள் சமநிலைக் கோளாறு. படுக்கையில் புரண்டு படுத்தாலே சில நாட்களில் அறை சுழலும். பார்த்தால் ஒன்றும் தெரியாது, நன்றாக நடப்பாள், பேசுவாள், வயதும் ஒன்றும் ஆகிவிடவில்லை. ஒரு காலத்தில் முன் பெட்டியில்தான் உட்காருவேன் என்று தனி வரிசையில் அடம்பிடித்து நின்று ஏறுகிறவள் அவள்தான், நான் பின்பெட்டி ஆள். இப்போது பார்க்குக்குப் போனால் எங்கள் எல்லாருடைய மூக்குக்கண்ணாடி, போன், தொப்பி, ஈரத் துண்டு எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு ரைடு முடிந்து வெளியே வருகிற வாசலில் உட்கார்ந்திருப்பாள். வருகிறவர் போகிறவர் எல்லாம் "என்ன, பயமா?" என்று கேட்பார்கள். அவளும் ஆமாம் என்று சொல்லிவிடுவாள், ஒவ்வொருவருக்கும் காதின் உள்கட்டமைப்பை விளக்கிக்கொண்டிருக்க முடியுமா.

அவள் எங்களோடு சேர்ந்து ஏறுகிற ஒரே வண்டி ரயில்தான். ஒரு பார்க்கில் நீராவி இன்ஜின் நிலையத்தில் நிற்கும்போது பக்கத்தில் போய் நின்றாள். டிரைவர் கீழே இறங்கி எண்ணெய்க் குவளையோடு ஒவ்வொரு மூட்டாக ஊற்றிக்கொண்டிருந்தார். சூடான எண்ணெய் வாசனை. அவர் திரும்ப ஏறி, சிலிண்டரில் தங்கிய தண்ணீரை வெளியேற்ற வால்வைத் திறந்ததும் சக்கரத்துக்குப் பக்கத்தில் புஸ்ஸென்று வெள்ளையாக நீராவி பாய்ந்தது. அக்கா ஒரு அடி பின்னால் குதித்து, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தாள். பிறகு எந்தப் பக்கம் உட்கார்ந்தால் நல்லது என்று என்னோடு சண்டை. அவள் சொன்ன பக்கம்தான் உட்கார்ந்தோம். எதிர்ப்பக்கத்தில் ஏரி இருந்தது, அதை நான் சொல்லிக்காட்டாமல் விட்டது என் பெருந்தன்மை.

அடுத்த முறை அதே பார்க்குக்குப் போனபோது நிலைய வாசலில் சங்கிலி. "இன்று இயங்காது" என்று பலகை. கேட்டால், ஆள் பற்றாக்குறையாம், ரயிலில் இருந்தவர்களைப் புது கோஸ்டருக்கு மாற்றிவிட்டார்களாம். சொன்ன பையன் நல்ல பையன், அவனே சங்கடப்பட்டான். அக்கா "பரவால்லடா, நீங்க போங்க" என்று கையை நீட்டினாள், கண்ணாடிகளை வாங்கிக்கொள்ள. அந்தக் கையைத்தான் தம்பி வீட்டிலேயே இருக்கச் சொல்கிறார்.

ரயிலில் உயரம் அளக்கிற கம்பு கிடையாது. தோளை அழுத்திப் பூட்டுகிற கம்பி கிடையாது. பாட்டியும் கைக்குழந்தையும் கோஸ்டர் பைத்தியமான பதினாறு வயசுப் பையனும் ஒரே பெஞ்சில் உட்கார முடிகிற ரைடு பார்க்கில் வேறு எத்தனை இருக்கிறது? எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள்.

"மெதுவாப் போகுது." ஆமாம். அடுத்தது.

"அதெல்லாம் நிஜ ரயில் இல்லை, டீசல் எஞ்சினுக்குப் புகைபோக்கி ஒட்டியிருக்காங்க." பல இடங்களில் அப்படித்தான். 1960களின் தொடக்கத்திலிருந்து சான்ஸ் கம்பெனி செய்துவரும் சி.பி. ஹண்டிங்டன் ரயில் உலகம் முழுக்கப் பார்க்குகளிலும் மிருகக்காட்சி சாலைகளிலும் ஓடுகிறது. பழைய நீராவி இன்ஜின் ஒன்றின் சாயல்தான் அதற்கு, உள்ளே ஓடுவது வேறு எஞ்சின். அதனால் என்ன? உங்கள் கோஸ்டர் மலை சிமெண்ட் பூச்சு என்று நான் எப்போதாவது முறையிட்டேனா? தண்டவாளமே இல்லாமல் டயர் வைத்த டிராக்டருக்கு இன்ஜின் முகமூடி மாட்டி, கூட்டத்துக்கு நடுவே மணியடித்துக்கொண்டு வருகிறதே, அது எனக்கும் பிடிக்காது. அதை வேண்டுமானால் கழிப்பறைக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்ளுங்கள், சண்டைக்கு வரமாட்டேன்.

"புகை, சுற்றுச்சூழல்" என்று ஒருவர் உள்பெட்டியில் கட்டுரையே எழுதியிருந்தார். டிஸ்னிலேண்ட் இன்ஜின்கள் 2007இலிருந்து பயோடீசலில் ஓடுகின்றன, பிறகு பார்க் சமையலறைகளின் பழைய எண்ணெயையே எரிபொருளாக்கிக்கொண்டார்கள். படித்துவிட்டு அவர் பதில் போடவில்லை.

ஆபத்து பற்றிக் கேட்டவருக்கு மட்டும் கிண்டல் இல்லாமல் பதில் சொல்கிறேன். 2009 ஜூலை 5இல் ஃப்ளோரிடா வால்ட் டிஸ்னி வேர்ல்டில் இரண்டு மோனோரயில்கள் மோதின. பாதை மாறியிருக்கவேண்டிய வண்டி, மாறாமலேயே பின்னோக்கி வந்து மோதியதில் ஓர் இளம் டிரைவர் இறந்துபோனார். மெதுவான வண்டிதானே என்று அலட்சியமாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அது சாட்சி. நான் சொல்வதும் அதையேதான்: இதை ஒரு பொருட்டாக நடத்துங்கள். ஆளைப் பிடுங்கிக் கோஸ்டருக்கு அனுப்பாதீர்கள்.

மோனோரயில் ரசிகர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் ரயிலைத் தாழ்வாகப் பேசுவது எனக்குத் தெரியும். ஆனால் ஒரு பேச்சுக்கு உங்கள் பக்கம் நிற்கிறேன். டிஸ்னிலேண்டில் ஆல்வெக் கம்பெனியின் மோனோரயில் வந்தது 1959இல், முதலில் உள்ளேயே சுற்றிவருகிற ரைடுதான். 1961இல் ஹோட்டல் வரை நீட்டியதும் அது போக்குவரத்தாகிவிட்டது. ஃப்ளோரிடாவில் 1971இலிருந்து கார் நிறுத்துமிடத்தில் இறங்குகிறவர்களை மாஜிக் கிங்டம் பார்க் வாசலில் அது கொண்டுபோய் விடுகிறது. டோக்கியோ டிஸ்னி ரிசார்ட்டில் 2001இலிருந்து பயணச்சீட்டு வாங்கி ஏறுகிற முறையான ரயில் பாதையாகவே ஓடுகிறது. "இதெல்லாம் ரைடே இல்ல" என்பவர், அவர் கொண்டாடுகிற ரைடின் வாசல் வரை எதில் போனார்?

கார் நிறுத்துமிடத்திலிருந்து ஆட்களை ஏற்றிப்போகிற டிராமையே எடுத்துக்கொள்ளுங்கள், அதை யாரும் எந்தப் பட்டியலிலும் போடுவதில்லை. வால்ட் டிஸ்னி வேர்ல்டில் 2020இல் அது நின்றது. பார்க்குகள் திறந்த பிறகும் உடனே வரவில்லை, 2021 கடைசியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திரும்பியது. அந்த இடைவெளியில் வெயிலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்களிடம் கேளுங்கள், டிராம் எந்தத் தரம் என்று. நாள் முழுக்க நின்ற காலோடு, தூங்கிவிட்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, கார் எங்கே என்று தேடிப் போகிறவருக்கு எந்தக் கோஸ்டரும் உதவிக்கு வராது.

தம்பிக்கு இதெல்லாம் தெரியாது என்று நான் நினைக்கவில்லை. தெரிந்தேதான் செய்கிறார், எரிச்சல் கிளப்பினால்தான் காணொளி ஓடும். அதில் எனக்கு வருத்தமில்லை. என்னோடு சேர்ந்து அந்த ரயிலில் ஏறி, அக்காவின் மடியில் கண்ணாடியைக் கொடுத்துவிட்டு ஓடிய ஆளே அங்கே போய் ஹாஹா போட்டதுதான் வருத்தம். உனக்குத்தான் சொல்கிறேன். நீயாக எடுத்துவிட்டால் நல்லது.

"அப்போ கோஸ்டரை எல்லாம் மூடிவிடலாமா" என்று கேட்கப்போகிறவர்களுக்கு: எங்கே சொன்னேன்? நானும் ஏறுகிறேன், பின்பெட்டியில் கண்ணை மூடிக்கொண்டு. அப்புறம், அந்தக் காணொளியின் இணைப்பை யாரும் இங்கே கமெண்டில் போடவேண்டாம், போட்டால் நீக்கிவிடுவேன். என் புண்ணியத்தில் அதற்கு ஒரு பார்வைகூடக் கூடவேண்டாம்.