பீப் போடாத கெட்ட வார்த்தைகள்

சென்னைக்காரர்கள் வாயைத் திறந்தாலே கெட்ட வார்த்தைதான் என்று வெளியூரிலிருந்து வந்தவர்கள் சொல்வார்கள். பொய் என்று சொல்ல மாட்டேன். விடியற்காலையில் காசிமேட்டு மீன் ஏலத்தில் போய் நில்லுங்கள். 'ஓ'வில் தொடங்கும் அந்தச் சொல் காற்புள்ளி மாதிரி வந்து விழுந்துகொண்டே இருக்கும். சொல்கிறவருக்குக் கோபம் இருக்காது, கேட்கிறவருக்கு முகம் மாறாது. கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் ஒரு டீயை இரண்டு கிளாஸில் ஊற்றிக் குடித்துக்கொண்டிருப்பார்கள்.

இதே ஊரில், இஸ்திரி கலையாத சட்டையோடு ஒருவர், அபார்ட்மென்டுக்குப் புதிதாகக் குடிவந்தவரிடம் சிரித்தபடி கேட்பார்: "சாருக்கு எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்? ஓ... இப்பல்லாம் நீங்கதான் சார் நல்லா இருக்கீங்க." இதில் ஒரு கெட்ட வார்த்தை உண்டா? கிடையாது. 'சார்' வேறு இரண்டு தடவை வருகிறது. அதைக் காதில் வாங்கிக்கொண்டவர் மட்டும் அன்றைக்கு ராத்திரி சரியாகத் தூங்கியிருக்க மாட்டார்.

எது கெட்ட வார்த்தை என்று அளக்க நாம் வைத்திருக்கும் கோலே, ஓரமாக நின்று கேட்கிறவருக்காகச் செய்தது என்பது என் எண்ணம். அவருக்குக் கூச்சம் வந்தால் அது கெட்ட வார்த்தை. வாங்கிக்கொண்டவருக்கு என்ன ஆனது என்று அந்தக் கோல் கேட்பதே இல்லை. பள்ளியில் இடக்கரடக்கல் படித்திருப்பீர்கள். சபையில் சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் மூடிச் சொல்வது. 'கால் கழுவி வந்தான்' என்பார்களே, அது. நாகரிகமான ஏற்பாடுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அதன் அக்கறை முழுக்க சபையின் மேல்.

சட்டமும் அந்தச் சபையில்தான் உட்கார்ந்திருக்கிறது. தெருச் சண்டை எஃப்.ஐ.ஆர். எதையாவது பார்த்தவர்களுக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 294(பி) என்ற எண் பழக்கமாக இருக்கும். 'தகாத வார்த்தைகளால் திட்டி' என்று புகார் தொடங்கினாலே அந்தப் பிரிவும் கூட வந்துவிடும். 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 296 ஆகிவிட்டது. பொது இடத்தில் ஆபாசச் சொல் பேசி மற்றவர்களுக்கு எரிச்சல் உண்டாக்கினால் 3 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 'மற்றவர்களுக்கு' என்பதைக் கவனியுங்கள். இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2022-இல், தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், திட்டு கேவலமாக இருக்கிறது என்பதால் மட்டும் அது ஆபாசமாகிவிடாது, காம எண்ணத்தைக் கிளப்பக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டத்தின் வாசகப்படி சரிதான். தண்ணி லாரி வரிசையில் குடத்தை நகர்த்தி வைத்தவனுக்கு விழுந்த திட்டில் யாருக்குக் காமம் கிளம்பப்போகிறது என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

பிரிட்டனில் ஒளிபரப்பை ஒழுங்குபடுத்தும் ஆஃப்காம் என்ற அமைப்பு, இதை நேரடியாக மக்களிடமே கேட்டுவிடுகிறது. 2016-இலும் 2021-இலும் சொற்களைக் கொடுத்து, எது லேசு, எது நடுத்தரம், எது கடுமை என்று கேட்டு வரிசைப்படுத்தினார்கள். அங்கும் படுக்கையறைச் சொற்கள் மேல்படியில்தான் இருக்கின்றன. ஆனால் ஒருவரின் இனத்தைச் சொல்லி இழிவுபடுத்தும் சொற்களும் அதே உயரத்துக்கு ஏறிவிட்டன. ஒரு காலத்தில் பெரும்பாவமாக இருந்த, கடவுள் பெயரை இழுத்துத் திட்டுவது லேசுப் பட்டியலுக்கு இறங்கிவிட்டது. நிகழ்ச்சி வருவது இரவு 9 மணிக்கு முன்பா பின்பா, யார் யாரிடம் சொன்னது, என்ன தொனியில் என்பதெல்லாம் கணக்கில் வருகிறது. நம் ஊரில் இப்படிக் கேட்டால் தி.நகரில் வரும் வரிசையும் புளியந்தோப்பில் வரும் வரிசையும் ஒன்றாக இருக்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை.

'காலனி'யை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் அது மவுசான பெயர். டிபன்ஸ் காலனி, பேங்க் காலனி, டீச்சர்ஸ் காலனி என்று போர்டு மாட்டி, அதைச் சொல்லியே கிரவுண்டுக்கு விலை ஏற்றுவார்கள். செங்கல்பட்டைத் தாண்டிக் கிராமங்களுக்குள் போனால் 'ஊர்' ஒரு பக்கம் இருக்கும், 'காலனி' ஒதுங்கி இன்னொரு பக்கம் இருக்கும். அங்கே ஒருவரைக் 'காலனிக்காரன்' என்றால் அது விலாசம் சொல்வதற்காக அல்ல. 2025 ஏப்ரலில் முதல்வர் ஸ்டாலின் சட்டமன்றத்தில், அந்தச் சொல் தீண்டாமையின் குறியீடாகவும் வசைச்சொல்லாகவும் மாறிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் அதை நீக்க நடவடிக்கை எடுக்கப்படும் என்று அறிவித்தார். எங்கள் ஆபீஸில் அன்று பாதிப் பேருக்கு விஷயமே புரியவில்லை. "காலனில என்னங்க தப்பு, நானே காலனிலதான் இருக்கேன்" என்றார் ஒருவர், நிஜமாகவே குழம்பிப்போய். அவர் மேல் கோபப்பட முடியாது. அந்தச் சொல் அவர்மேல் ஒருநாளும் வந்து விழுந்ததில்லை. திண்டிவனத்துப் பக்கத்திலிருந்து வந்து வேலை பார்க்கும் தம்பி ஒருவன் ஒன்றும் சொல்லாமல் ஸ்க்ரீனையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அந்தத் தம்பியைத்தான் கேட்பேன்.

சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவதற்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, 1989-இலிருந்து. அதிலும் திட்டியது 'பொதுப் பார்வை'க்குள் நடந்திருக்க வேண்டும். 2020-இல் ஒரு வழக்கில், வெளியாள் யாரும் இல்லாமல் வீட்டு நான்கு சுவருக்குள் திட்டினால் இந்தப் பிரிவு பொருந்தாது என்றது உச்ச நீதிமன்றம். நாலு பேர் முன்னால் அவமானப்படுவது கூடுதல் அவமானம், அது எனக்கும் புரிகிறது. ஆனாலும் வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள் வாங்குகிற பேச்செல்லாம் அந்த நான்கு சுவருக்குள்தானே?

பள்ளிக்கூடங்களில் வெறும் ஓர் எண்ணே கெட்ட வார்த்தையாகத் திரிகிறது. நடையிலோ குரலிலோ கொஞ்சம் நளினம் இருக்கிற பையனைப் பார்த்து 'ஒன்பது' என்பார்கள். கணக்கு டீச்சர் எட்டுக்கு அடுத்த எண்ணைச் சொன்னால் கடைசி பெஞ்சில் சிரிப்பு கிளம்பும், அந்தப் பையன் தலையைக் குனிந்துகொள்வான். இதற்கு எங்கே பீப் போடுவது? சென்னை உயர் நீதிமன்றம் வலியுறுத்தியதன் பேரில் 2022-இல் தமிழ்நாடு அரசு, திருநர், ஒருபாலீர்ப்பாளர் உள்ளிட்ட பால்புதுமையினரை மரியாதையாகக் குறிப்பிடச் சொற்பட்டியல் ஒன்றை அரசிதழிலேயே வெளியிட்டது. நல்ல காரியம். கடைசி பெஞ்சுக்கு அரசிதழ் போகாது, அவ்வளவுதான் சிக்கல்.

லூசு, மெண்டல், செவிடு, நொண்டி எல்லாம் இன்னும் காமெடி கணக்கில்தான் ஓடுகின்றன. மாற்றுத்திறனாளி ஒருவரைப் பொதுப் பார்வையில் வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் 6 மாதத்திலிருந்து 5 ஆண்டு வரை சிறை என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தெருச் சண்டைக்கு வரும் 3 மாதத்தோடு வைத்துப் பாருங்கள். இந்த ஒரு விஷயத்தில் சட்டத்தின் அளவுகோல் நம்முடையதைவிட மேல்.

'கேப்மாரி'யை டிவியில் யாரும் வெட்டுவதில்லை. வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்திவைத்த ஒரு கூட்டத்தாரின் பெயர் அது. அந்தச் சட்டத்தைச் சென்னை மாகாணம் 1947-இலேயே தூக்கி எறிந்துவிட்டது, பெயரை மட்டும் நாம் விடவில்லை. இதற்கு நேர் எதிர் கதை 'கஸ்மாலம்'. அதன் மூலம் சமஸ்கிருதம். கீதையில் கிருஷ்ணர் அர்ச்சுனனிடம் சொல்கிற சொல். ரிக்‌ஷாக்காரர் சொன்னால்தான் அது நமக்குச் சேரி பாஷை ஆகிவிடுகிறது.

ஓ.எம்.ஆர். ஐ.டி. ஆபீஸ்களில் இது இன்னும் சுவாரஸ்யம். மீட்டிங்கில் ஆங்கிலத்தில் அந்த 'எஃப்' சொல்லை மூச்சுக்கு மூச்சு சொல்கிற மேனேஜர், வெளியே ஆட்டோக்காரர் அதே பொருளைத் தமிழில் சொன்னதும் காரின் கண்ணாடியை ஏற்றிவிடுவார். அயல்மொழிக் கெட்ட வார்த்தை நமக்கு அவ்வளவாகச் சுடாது. பல மொழி பேசுகிறவர்களிடம் ழான்-மார்க் டெவேல் என்ற மொழியியலாளர் ஆராய்ந்து சொன்னதும் அதுதான், சின்ன வயதில் கற்ற மொழியின் வசைதான் அதிகம் தைக்கும். ஆனால் மேனேஜர் விஷயத்தில் மொழி பாதி, ஆட்டோ பாதி என்று எனக்குத் தோன்றுகிறது.

இதைப் படித்துவிட்டு, "அப்போ காசிமேட்டுக் கெட்ட வார்த்தை புனிதமா?" என்று ஓர் அண்ணன் கட்டாயம் வருவார். இல்லை அண்ணே. 'அது வெறும் காற்புள்ளிதான்' என்று என்னிடம் விளக்கியவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். இரண்டு ஆண்கள் சண்டை போட்டால் திட்டு போய் விழுவது அங்கே இல்லாத ஓர் அம்மாவின் மேல். கத்திப்பாராவில் என் ஸ்கூட்டி ஒரு நொடி தயங்கியதற்குப் பின்னால் வந்த வேன்காரர் சொன்னது எனக்குக் காற்புள்ளியாகக் கேட்கவில்லை. அதே சொல்லை என் தம்பியும் அவன் சிநேகிதனும் கேரம் விளையாடும்போது சொல்லிக்கொள்வார்கள், நான் பாட்டுக்குப் பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருப்பேன்.

அந்த வேன்காரர் சொன்னதில் என்னை அதிகம் தைத்தது கடைசியில் ஒட்டிக்கொண்டு வந்த 'டி'தான். தமிழில் திட்டுவதற்குச் சொல்லே தேவையில்லை, விகுதி போதும். பிள்ளை தெருவில் கேட்டு வந்து 'ஓ' சொல்லிவிட்டால் எங்கள் அபார்ட்மென்டில் அம்மாக்கள் கூடிப் பேசுகிறார்கள், யார் சகவாசம் என்று விசாரணை நடக்கிறது. அதே பிள்ளை, தாத்தா வயதில் இருக்கிற வாட்ச்மேனைப் பார்த்து "கேட்டைத் தொற" என்று ஒருமையில் சொன்னால் யாரும் விசாரிப்பதில்லை. பல வீடுகளில் அந்தப் பிள்ளை கற்றுக்கொண்டதே அப்பாவிடமிருந்துதான். என் வீட்டில் இரண்டுக்கும் தண்டனை உண்டு. 'ஓ'வுக்கு ஒரு நாள் போன் கிடையாது, வாட்ச்மேன் விஷயத்துக்கு ஒரு வாரம். மகனுக்கு இந்தக் கணக்கு இன்னும் பிடிபடவில்லை, பாட்டியிடம் அப்பீல் போயிருக்கிறான்.