பசி செத்துப்போச்சுன்னு சந்தோஷப்படாத கண்ணு

போன ஞாயித்துக்கிழமை அக்கா பொண்ணு இங்க பெங்களூர்லயே மர்ஃபி டவுன்ல இருந்து வீட்டுக்கு வந்திருந்தா. செகண்ட் பியூசி (பன்னெண்டாவது) படிக்கிறா. சாப்பிட வாடின்னு கூப்பிட்டா தட்டையே தொடல, "சித்தி, நேத்துல இருந்து தண்ணியும் பிளாக் காபியும் மட்டும்தான், இப்ப பசியே செத்துப்போச்சு"ன்னு முகமெல்லாம் பூரிப்பா சொல்றா. எனக்கு வயித்தப் பெசஞ்சிடுச்சு. அக்கா பக்கத்துல இருந்ததால அப்ப முழுசா பேச முடியல. அவளுக்குச் சொல்ல நினைச்சதைத்தான் இங்க எழுதறேன், அவ வயசுல பிள்ளைங்க இருக்கிற எல்லாருமே படிக்கணும்.

நானும் அந்த வழியில போயிட்டு வந்தவதான். 2024 ஆரம்பத்துல 82 கிலோ இருந்தேன், ஆன்லைன்ல ஒருத்தர்கிட்ட காசு கட்டி டயட் சார்ட் வாங்கினேன். காலையில வெள்ளரிக்கா ஜூஸ், மத்தியானம் ஒரே ஒரு சப்பாத்தி கொஞ்சம் காய், ராத்திரி சூப், அவ்வளவுதான். மூணு மாசத்துல 9 கிலோ குறைஞ்சது, பாக்கிறவங்க எல்லாம் சூப்பர்னாங்க, ஆனா அந்த மூணு மாசமும் என் தலைக்குள்ள சாப்பாட்டைத் தவிர வேற எதுவுமே ஓடல, மீட்டிங்ல உக்காந்திருக்கும்போது கூட நாளைக்கு அந்த ஒரு சப்பாத்திய எத்தனை மணிக்குச் சாப்பிடலாம்னு கணக்குப் போட்டுக்கிட்டிருப்பேன். ஒரு நாள் சாயங்காலம் ஹூடில மெட்ரோ ஏறி நின்னுக்கிட்டே வரேன், பையப்பனஹள்ளி தாண்டினதும் கண்ணு இருட்டிக்கிட்டு வந்திடுச்சு. ஒரு வயசான அம்மா எந்திரிச்சு எடம் கொடுத்து பையில இருந்து கடலை மிட்டாய் எடுத்து என் கையில வெச்சாங்க. அந்த முகம் இன்னும் மறக்கல. பசி தாங்க முடியலங்கன்னு சார்ட் கொடுத்தவர்கிட்ட சொன்னப்ப வந்த பதில், "உங்களுக்கு மனக்கட்டுப்பாடு இல்ல". அந்த ஒரு வார்த்தைய நான் ரொம்ப நாள் நம்பிக்கிட்டு இருந்தேன், அதுதான் எனக்கு இன்னிக்கும் கோவம்.

அது பொய்னு அப்புறம் படிச்சப்பதான் புரிஞ்சுது. 1944 கடைசியில அமெரிக்காவுல மினசோட்டா யுனிவர்சிட்டியில ஆன்சல் கீஸ்னு ஒருத்தர் 36 பேரை வெச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணார். எல்லாரும் ஆரோக்கியமான இளைஞர்கள், தானா முன்வந்தவங்க. 24 வாரம் ஒரு நாளைக்குச் சுமார் 1570 கலோரிதான். அவங்க நிறைய நடக்கவும் வேண்டியிருந்துச்சு, அதனால என் கணக்கோட அப்படியே வெச்சுப் பாக்க முடியாது, ஆனா என்ன ஆச்சு தெரியுமா, சமையல் புக்கு சேர்த்து வெச்சுப் படிக்க ஆரம்பிச்சாங்க, தட்டை நக்கினாங்க, எரிச்சல், சோர்வு, மனசு ஒடைஞ்சு போனவங்களும் உண்டு. அத்தனை பேருக்கும் மனக்கட்டுப்பாடு இல்லாமலா போச்சு? வெயிட் குறைஞ்சா பசிய ஏத்தறது உடம்போட வேலை. 2011ல மெல்போர்ன்ல இருந்து வந்த ஒரு ஆராய்ச்சியில, வேகமா எடை குறைச்சவங்களுக்கு ஒரு வருஷம் கழிச்சும் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பலன்னு பாத்திருக்காங்க. எனக்கும் அதேதான், எட்டே மாசத்துல 9 கிலோவும் திரும்பி வந்து மேல 3 கிலோ கூடிடுச்சு.

இப்ப ஏழு மாசமா வேற மாதிரி போறேன். பட்டினி கிடையாது. காலையில ரெண்டு முட்டை, ரெண்டு இட்லி, சாம்பார். ஒரு முட்டையில சுமார் 6 கிராம் புரோட்டீன் இருக்கு, அது வயித்துல இருக்கிற வரைக்கும் பதினோரு மணி பிஸ்கட் ஞாபகமே வர்றதில்ல. மத்தியான டப்பாவுல பாதி பொரியலோ கீரைக் கூட்டோ, சோறு ஒரு ஓரமா. உருளைக்கிழங்க நான் பயந்து ஒதுக்கி வெச்சிருந்தேங்க, ஆனா 1995ல சிட்னியில 38 சாப்பாட்டை எது வயித்தை அதிகமா நிறைக்குதுன்னு சோதிச்சப்ப முதல்ல வந்ததே வேகவெச்ச உருளைக்கிழங்குதான் (வேகவெச்சது, வறுத்தது இல்ல). ஞாயித்துக்கிழமை கொண்டக்கடலை வேகவெச்சு சின்னச் சின்ன டப்பாவா ஃப்ரீசர்ல போட்டுடுவேன், சாயங்காலம் நாலரைக்கு அதுதான் சுண்டல், ஏன்னா அஞ்சு மணிப் பசியோட அல்சூர் ஸ்டேஷன்ல இறங்கினா தர்ஷினியில (நின்னு சாப்பிடற சின்ன ஓட்டல்) வடை எடுக்கிற வாசனையத் தாண்டி வீட்டுக்கு வர்றது ரொம்பக் கஷ்டம்.

இன்னொன்னு கவனிச்சேன். பசி ஏறிக்கிட்டே போறதில்ல, வழக்கமா சாப்பிடற நேரத்துக்கு வரும், கொஞ்ச நேரத்துல எறங்கிடும். கிரெலின்னு ஒரு ஹார்மோன், இரைப்பையில சுரக்குது, சாப்பாட்டு வேளையை ஒட்டித்தான் ஏறுமாம். அதனால பசிச்சதும் என்னையே கேட்டுக்குவேன், இப்ப வெறும் இட்லி கொடுத்தா சாப்பிடுவியா? ஆமான்னா அது வயித்துப்பசி, உடனே சாப்பிட்டுடுவேன். பேல்பூரிதான் வேணும்னு தோணினா நீர்மோர் குடிச்சிட்டு மாடியில ஒரு நடை. தூக்கம் குறைஞ்ச மறுநாள் பசி தாறுமாறா இருக்கும், அதனால பத்தரைக்குப் படுத்துடறேன். பசியே இல்லன்னு சொன்னா பொய், ராத்திரி ஒன்பதரைக்குக் கொஞ்சம் இருக்கும், அந்த அளவு தாங்கலாம், தலை சுத்தற அளவு கூடாது. சுகர் மாத்திரை, இன்சுலின் எடுக்கிறவங்க தயவுசெஞ்சு டாக்டர்கிட்ட கேக்காம ஒரு வேளை கூட விடாதீங்க.

ஏழு மாசத்துல குறைஞ்சது அஞ்சரை கிலோதான். எனக்கு அது போதும், வீட்ல யார்மேலயும் எரிஞ்சு விழறதில்ல.

ஆனா அந்தப் பொண்ணுக்குக் குறைக்கவே எதுவும் இல்லையே, வளர்ற வயசு. இந்த சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கேன். அவரைக்காய் சீசன், மார்க்கெட்ல மூட்டை மூட்டையா கெடக்கு, அவளுக்குச் சின்ன வயசுல இருந்தே பிதுக்கம்பருப்புக் குழம்புன்னா உசுரு. சேந்து உக்காந்து பருப்பு பிதுக்கும்போது பேசலாம்னு இருக்கேன். உங்க வீட்டுப் பிள்ளைங்க இப்படி சாப்பிடாம இருந்து, அதட்டாம எப்படிப் பேசிச் சாப்பிட வெச்சீங்கன்னு யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க, சனிக்கிழமைக்குள்ள.