அந்தக் கண்ணாடிக் கலத்தையும் கொஞ்சம் கவனிக்கலாமே

புரோட்டானின் ஸ்பின்னில் (துகளின் உள்ளார்ந்த சுழற்சித் தன்மையில்) அதற்குள் இருக்கும் குவார்க் துகள்களின் பங்கு எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு என்று 1988-இல் ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னின் ஈஎம்சி ஆய்வுக் குழு சொன்ன கதையை உங்கள் கட்டுரையில் அழகாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அதற்குப் பிறகு நியூட்ரானை அளந்த சோதனைகளுக்கு வந்ததும், எலெக்ட்ரான் கற்றை மோதும் இலக்கை 'முனைவாக்கப்பட்ட ஹீலியம்-3' (அணுக்கருக்களின் ஸ்பின் ஒரே திசைக்குத் திருப்பப்பட்ட ஹீலியம்) என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்களே! பாதி வேலை அங்கேதான் இருக்கிறது.

தனி நியூட்ரான் சராசரியாகக் கால் மணி நேரத்தில் சிதைந்துவிடும்; அதனால் அதற்குப் பதிலாக ஹீலியம்-3-ஐ இலக்காக வைக்கிறார்கள். ஹீலியம்-3-இல் இரண்டு புரோட்டான்களின் ஸ்பின்னும் பெரும்பாலும் ஒன்றையொன்று கழித்துக்கொள்வதால், மிஞ்சுவது நியூட்ரானுடையதுதான். அமெரிக்காவின் ஜெஃபர்சன் ஆய்வகத்தில், கண்ணாடிக் கலத்துக்குள் ஹீலியத்தோடு துளி ரூபிடியமும் பொட்டாசியமும் சேர்த்துச் சூடாக்கி, 795 நானோமீட்டர் லேசரைப் பாய்ச்சுகிறார்கள். லேசர் ரூபிடியத்தின் எலெக்ட்ரான்களை ஒரே திசைக்குத் திருப்பும். அப்புறம் அணுக்களின் மோதல்கள் வழியே அந்தத் திசைத் திருப்பம் ஹீலியம் அணுக்கருவுக்குப் போய்ச் சேர மணிக்கணக்கில் ஆகும். இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்ததை, கண்ணாடியில் இருக்கும் துளியூண்டு காந்த மாசு கெடுத்துவிடும். உள்ளே சுமார் 10 வளிமண்டல அழுத்தம் வேறு. எலெக்ட்ரான் கற்றை நுழையும் சுவரோ மிக மெல்லியது. சில சமயம் கலம் வெடித்தே போகும்.

அடுத்த முறை இந்தக் கலங்களைச் செய்யும் கண்ணாடி ஊதுபவர்களைப் பற்றித் தனியாக எழுதுங்கள் சார்.