வெளிறிய நிறம் கோப்பின் பழுதன்று

4கே எச்டிஆர் (ஒளியையும் நிறத்தையும் கூடுதல் வீச்சில் பதியும் முறை) காணொளி கணினியில் சாம்பல் பூத்தாற்போல வெளிறித் தெரிந்தால் அந்தக் கோப்பே பழுதானது என்ற கருத்து இங்கே பகிரப்பட்டு வருகிறது. பெரும்பாலும் காரணம் அதுவன்று என்பதைப் பணிவுடன் தெரிவிக்க விரும்புகிறேன். எச்டிஆரின் ஒரு வகையான எச்டிஆர்10 காணொளிகள் பிடி.2020 (BT.2020) என்னும் விரிந்த நிறப்பரப்பிலும், 2014இல் தரப்படுத்தப்பட்ட பிக்யூ (PQ) என்னும் ஒளிவளைவிலும் (ஒளியின் அளவை எண்ணாகக் குறிக்கும் முறை) பதிவாகின்றன. அவற்றைச் சாதாரணத் திரைக்கேற்ப மாற்றாமல், பிடி.709 என்னும் வழக்கமான நிறத்தரத்தில் அமைந்த காணொளியாகவே கருதிக் காட்டும் பிளேயரில்தான் நிறம் மங்குகிறது. மீடியாஇன்ஃபோ மென்பொருளில் கோப்பைத் திறந்து, நிற விவரங்களில் பிடி.2020, பிக்யூ ஆகிய இரு பெயர்களும் உள்ளனவா என்று பாருங்கள். பின்னர் அதே கோப்பை, இந்த மாற்றத்தைத் தானாகவே செய்யும் எம்பிவி பிளேயரில் ஓட்டிப் பாருங்கள். அங்கே நிறம் சரியாக வந்தால் கோப்பில் குறையில்லை. (பழுதான கோப்பு பொதுவாகக் கட்டம் கட்டமாகச் சிதறும், அல்லது இடையில் நின்றுவிடும், படம் முழுவதும் ஒரே சீராக வெளிறுவது அதன் இயல்பன்று.)